வன்தட்டுப் பரிசோதனை மென்பொருளுக்குக் காசு கொடுக்கலாமா?

படிவம் 4-இல் பயிலும் மாணவி ஒருவர் அண்மையில் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வீட்டுக் கணினியின் திரையை எடுத்த படம் அது. சிவப்பு வட்டத்துக்குள் "வன்தட்டின் ஆரோக்கியம் 62%" என்று இருந்தது. அதன் கீழே, "உடனே சரிசெய்ய முழுப் பதிப்பை வாங்குங்கள்" என்று ஒரு பொத்தான். விலை நூறு ரிங்கிட்டுக்கு மேல்.

அவருடைய அம்மா வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுக் குறிப்புகள், இரவிக்கை மாதிரிகள், காலமான தாத்தாவின் படங்கள் எல்லாம் அந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன. "டீச்சர், அம்மா பணம் கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா?" என்று கேட்டார்.

முதலில் நான் சொன்னது, "இன்றிரவே படங்களையும் குறிப்புகளையும் வேறொரு தட்டுக்கோ விரலிக்கோ நகலெடுத்து விடு" என்பதுதான். அந்த 62% உண்மையோ பொய்யோ, நகல் இருந்தால் இழப்பு இல்லை. அது முடிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி, 62% என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது. மாணவர்களே, இந்த வாரப் பாடம் அந்த எண்ணைப் பற்றியதுதான்.

அளப்பது யார்?

காய்ச்சல்மானியை உடம்பில் வைத்தால் மானி அளக்கிறது. வன்தட்டின் கதை வேறு. இங்கே நோயாளியே தன் உடல்நிலையை அளந்து, குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். நாம் வாங்கும் மென்பொருள் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து படிக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். தன்னைத் தானே கண்காணித்து, ஆராய்ந்து, அறிவிக்கும் தொழில்நுட்பம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் இது. 1990களில் உருவாகிப் பரவியது. இன்று வன்தட்டு, எஸ்எஸ்டி ஆகிய இரண்டிலும் இருக்கிறது. வன்தட்டுக்குள் உள்ள சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு, தான் சந்திக்கும் சிக்கல்களை வரிசை எண் கொடுத்த பட்டியலில் பதிந்துகொண்டே வரும்.

அந்தப் பட்டியலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் சிலதான். 5-ஆம் எண், கெட்டுப்போன செக்டர்களுக்குப் பதிலாக மாற்று செக்டர்கள் எத்தனை முறை ஒதுக்கப்பட்டன என்பதைச் சொல்லும். செக்டர் என்பது தட்டில் தரவு எழுதப்படும் மிகச் சிறிய துண்டு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. 187, 198 ஆகியவை திருத்த முடியாத பிழைகளைப் பற்றியவை. 9-ஆம் எண், தட்டு மொத்தம் எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தது என்பது. பழைய தட்டு ஒன்றை "அதிகம் பயன்படுத்தாதது" என்று யாராவது விற்றால், 9-ஆம் எண்ணைப் பாருங்கள். 20,000 மணி நேரம் என்றிருந்தால், 24 ஆல் வகுத்தால் 833 நாள். இரவு பகலாக இரண்டேகால் ஆண்டு ஓடிய தட்டு அது.

199-ஆம் எண் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. தட்டுக்கும் கணினியின் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு பயணம் செய்யும்போது ஏற்படும் பிழைகளை அது எண்ணுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் தட்டு அல்ல. தளர்ந்துபோன அல்லது மட்டமான கேபிள்.

அந்த மாணவியின் வீட்டுக் கணினியில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பார்க்கச் சொன்னேன். 5, 187, 197, 198 எல்லாவற்றிலும் பூஜ்யம். 199-இல் மட்டும் சில நூறுகள். கேபிளை மாற்றினார்கள். அதன் விலை சில ரிங்கிட்தான். 199-ஆம் எண் பழைய அளவிலேயே நின்றது, மேலே ஏறவில்லை. இந்த எண்ணிக்கை குறையாது என்பதை நினைவில் வையுங்கள். ஏறுகிறதா, நிற்கிறதா என்பதே கேள்வி. பணம் கேட்ட மென்பொருளின் ஆரோக்கிய வட்டம் அதற்குப் பிறகும் சிவப்பாகவே இருந்தது. நடந்து முடிந்த பிழையையும் இன்னும் நடக்கும் பிழையையும் அது பிரித்துப் பார்க்கவில்லை.

விழுக்காடு எப்படிப் பிறக்கிறது?

வன்தட்டு "நான் 62% ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. மேலே சொன்ன எண்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து, மென்பொருளை எழுதியவர்கள் ஒரு சூத்திரத்தால் விழுக்காடாக மாற்றுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் சூத்திரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரே தட்டை இரண்டு மென்பொருள்களில் சோதித்தால் இரண்டு விழுக்காடுகள் வரலாம். ஆனால் மூல எண்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அறிவியல் பாடத்தில் உற்றுநோக்கலையும் ஊகித்தலையும் பிரித்துப் படித்தீர்களே, இங்கே மூல எண் உற்றுநோக்கல், விழுக்காடு ஊகம்.

ஊகம் தவறு என்று சொல்ல வரவில்லை. நல்ல மருத்துவரும் ஊகிக்கத்தான் செய்கிறார். எந்த அடிப்படையில் ஊகித்தார் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஆகவே காசு கேட்கும் மென்பொருளுக்கு என் முதல் சோதனை இதுதான்: மூல எண்களைக் காட்டுகிறதா? விழுக்காட்டை மட்டும் காட்டி எண்களை மறைத்தால், அது எனக்கு வேண்டாம்.

மூல எண்களைக் காட்டினாலும் அவற்றைப் புரிந்துகொண்டு காட்ட வேண்டும். பல சீகேட் வன்தட்டுகளில் 1-ஆம் எண்ணைப் பார்த்தால் கோடிக்கணக்கில் இருக்கும். "வாசிப்புப் பிழை வீதம்" என்று அதற்குப் பெயர் இருப்பதால் பார்த்தவுடன் பயம் வரும். உண்மையில் அந்த நீண்ட எண்ணுக்குள் மொத்த வாசிப்புகளின் எண்ணிக்கையும் சேர்ந்தே பதிவாகிறது. ஆரோக்கியமான தட்டிலும் அப்படித்தான் இருக்கும். இதை அறியாத மென்பொருள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

எஸ்எஸ்டியில் ஒரு விழுக்காடு உண்மையிலேயே தட்டிலிருந்து வருகிறது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகள் "பயன்படுத்தப்பட்ட விழுக்காடு" என்று ஒன்றைப் பதிவு செய்கின்றன. உற்பத்தியாளர் எதிர்பார்த்த எழுத்துத் தேய்மானத்தில் எவ்வளவு கழிந்தது என்பதே அதன் பொருள். அது 100-ஐத் தாண்டியும் போகலாம். தாண்டிய பிறகும் தட்டு வேலை செய்யலாம். 500 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்றுக்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினால் 15,000 நாள், அதாவது 41 ஆண்டு ஆகும். பள்ளிப் பாடமும் விளையாட்டும் செய்யும் வீட்டுக் கணினியில் எஸ்எஸ்டி தேய்ந்து சாவதைவிட, வேறு காரணத்தால் கெடுவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த வேறு காரணத்தைத் தேய்மான விழுக்காடு காட்டாது.

எவ்வளவு நம்பலாம்?

இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். 2007-இல் கூகல் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தட்டின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தோன்றிய தட்டு, பிழை தோன்றாத தட்டைவிட அடுத்த 60 நாள்களுக்குள் கெடுவதற்கு 39 மடங்கு வாய்ப்பு உள்ளது என்று கண்டார்கள். இது ஸ்மார்ட் எண்களுக்கு ஆதரவான சான்று.

அதே கட்டுரையில் மற்றொரு முடிவும் இருக்கிறது. கெட்டுப்போன தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, மிக முக்கியமானவை என்று கருதப்பட்ட நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. பாதிக்கும் மேற்பட்ட தட்டுகள் அந்த நான்கு எண்களில் எந்த அறிகுறியும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டன. இதைப் படித்தபின், "உங்கள் தட்டு 100% நலம்" என்ற பச்சை வட்டம் எனக்கு நிம்மதி தருவதில்லை.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பக நிறுவனம் தன் தரவு மையத்தில் உள்ள தட்டுகளின் விவரங்களைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அவர்கள் ஐந்து ஸ்மார்ட் எண்களை மட்டும் கவனிக்கிறார்கள்: 5, 187, 188, 197, 198. 2016-இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, கெட்டுப்போன தட்டுகளில் 76.7 விழுக்காடு இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் பூஜ்யத்துக்கு மேல் காட்டின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தட்டுகளில் 4.2 விழுக்காடும் அப்படிக் காட்டின.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 தட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் 20 கெடப் போகின்றன என்று கொள்வோம். அந்த 20-இல் 76.7 விழுக்காடு, ஏறக்குறைய 15 தட்டுகள் முன்கூட்டியே எச்சரிக்கை காட்டும். மீதி 5 தட்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் சாகும். நல்ல தட்டுகள் 980. அவற்றில் 4.2 விழுக்காடு என்றால் 41 தட்டுகள். அவையும் எச்சரிக்கை காட்டும். ஆக எச்சரிக்கை காட்டியவை மொத்தம் 56. அவற்றுள் உண்மையில் கெடப் போவது 15. வகுத்துப் பாருங்கள்: 27 விழுக்காடுதான்.

வேடிக்கையாக இருக்கிறதல்லவா? கெடும் தட்டுகளில் நான்கில் மூன்றைக் கண்டுபிடிக்கும் நல்ல சோதனை. ஆனால் அதன் எச்சரிக்கையில் நான்கில் மூன்று, அந்தக் காலத்துக்குள் கெடாத தட்டுகளைப் பற்றியது. கெடும் தட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, நல்ல தட்டுகள் மிக அதிகம் என்பதால் வரும் விளைவு இது. மருத்துவப் பரிசோதனைகளிலும் இதே கணக்கு வரும். கணிதத்தில் நிகழ்தகவு படிக்கும்போது மறுபடியும் சந்திப்பீர்கள்.

இதனால் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாம் என்று ஆகாது. எச்சரிக்கை இல்லாத 944 தட்டுகளில் கெடுவது 5 மட்டுமே, இருநூறில் ஒன்றுக்கும் சற்று மேல். எச்சரிக்கை காட்டியவற்றில் நான்கில் ஒன்று. ஆபத்து ஐம்பது மடங்கு கூடிவிடுகிறது. அப்போது தட்டை மாற்றுவது நியாயம். ஆனால் "95% தட்டுப் பழுதுகளைக் கண்டறியும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருளிடம், "நல்ல தட்டுகளில் எத்தனையைத் தவறாகப் பிடிக்கும்?" என்றும் கேளுங்கள். இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்குப் பொருளே இல்லை. எல்லாத் தட்டையும் கெட்டது என்று சொல்லும் மென்பொருள் 100% பழுதுகளைக் கண்டறிந்துவிடும்!

சோதிக்காமலே முடிவு சொன்ன சோதனை

2019 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரும், அதற்கு மென்பொருள் சேவை வழங்கிய சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் வாடிக்கையாளர்களின் கணினிகளை இலவசமாகச் சோதித்துத் தந்தன. சோதனை முடிவில் கிருமி அறிகுறி இருப்பதாகக் காட்டிச் சரிசெய்ய நூற்றுக்கணக்கான டாலர் வாங்கின. அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் வைத்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சோதனை தொடங்கும் முன் நான்கு கேள்விகள் கேட்கப்படும். கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போன்ற கேள்விகள். அவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று குறியிட்டாலே போதும், முடிவு அந்தக் குறியால் தீர்மானிக்கப்பட்டுவிடும். கணினியை ஆராய்ந்ததற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு இல்லை என்றது ஆணையம். இரு நிறுவனங்களும் சேர்ந்து 35 மில்லியன் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டன.

இதிலிருந்து ஓர் அருமையான சோதனை முறை கிடைக்கிறது. நல்ல தட்டு, கெட்ட தட்டு இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். விடை மாறுகிறதா? புத்தம் புதிய தட்டிலும் "1,247 பிழைகள்" என்று சொன்னால், அந்த மென்பொருள் தட்டைப் பார்க்கவே இல்லை. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

வேக அளவீடு: இயற்பியல் எங்கே நிற்கிறது?

மற்றொரு வகை மென்பொருள் தட்டின் வேகத்தை அளப்பது. இங்கே மென்பொருள் குறிப்பேட்டைப் படிப்பதில்லை, தானே அளக்கிறது. பெரிய கோப்பை எழுதி, படித்து, நேரம் பார்க்கிறது. அதனால் பிழை நுழையும் வழிகளும் அதிகம். ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது; அது இயற்பியல்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி. நமக்கு வேண்டிய செக்டர் வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும்: 4.17 மில்லிவினாடி. அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லிவினாடி. மொத்தம் 13. ஆக ஒரு வினாடியில் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் 76 அல்லது 77-ஐத்தான் படிக்க முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால், வினாடிக்கு 0.3 மெகாபைட். அதே தட்டு, ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படித்தால் வினாடிக்கு 150 மெகாபைட் கொடுக்கும். ஐந்நூறு மடங்கு வேறுபாடு! இரண்டும் ஒரே தட்டின் வேகம்தான். விளம்பரத்தில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை. கணினி துவங்கும்போதும் செயலிகள் திறக்கும்போதும் நடப்பது பெரும்பாலும் சிதறிய வாசிப்பு. எஸ்எஸ்டிக்கு மாறியவுடன் பழைய கணினி உயிர்பெற்றது போல் தோன்றக் காரணம் இதுவே. அங்கே சுழலவும் நகரவும் எதுவும் இல்லை.

இன்னொரு செய்தி: வன்தட்டின் வெளி விளிம்பு வேகமானது. சுழற்சி வேகம் ஒன்றே என்றாலும், வெளித் தடத்தின் சுற்றளவு பெரிது, அதில் அதிக செக்டர்கள் பொருந்தும். உள் தடத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம் கிடைக்கலாம். காலித் தட்டில் ஒரு நாளும், நிரம்பிய தட்டில் ஒரு நாளும் அளந்துவிட்டு "தட்டு பாதி வேகம் இழந்துவிட்டது" என்று மென்பொருள் சொன்னால், அது பழுது இல்லை, வடிவியல்.

உச்ச வரம்பும் தெரிந்திருக்க வேண்டும். சாட்டா 3 இணைப்பு வினாடிக்கு 6 ஜிகாபிட் அனுப்பும். அதில் ஒவ்வொரு 8 பிட் தரவுக்கும் 10 பிட் செலவாகிறது. ஆகவே உண்மைத் தரவு வினாடிக்கு 600 மெகாபைட்டைத் தாண்டவே முடியாது. சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வினாடிக்கு 4,000 மெகாபைட் காட்டினால், தட்டு அல்ல, கணினியின் தற்காலிக நினைவகமே அளக்கப்பட்டிருக்கிறது. சில தயாரிப்பாளர்களின் மென்பொருள், நினைவகத்தை இடையில் வைத்து வேகப்படுத்தும் வசதியையும் தருகிறது. அதை இயக்கிவிட்டு அளந்தால் எண் பிரமாதமாக வரும். மின்சாரம் திடீரென்று போனால் இன்னும் தட்டுக்குப் போய்ச் சேராத தரவும் போய்விடும்.

எஸ்எஸ்டியிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. பல எஸ்எஸ்டிகள், தம் இடத்தில் ஒரு பகுதியை வேகமான வரவேற்பறை போல வைத்திருக்கும். வரும் தரவை முதலில் அங்கே வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்கும். 1 ஜிகாபைட் கோப்பைக் கொண்டு அளந்தால் வரவேற்பறையின் வேகம்தான் தெரியும். 100 ஜிகாபைட் எழுதிப் பார்த்தால்தான் அறை நிரம்பியபின் வேகம் எப்படிச் சரிகிறது என்று தெரியும். கட்டணப் பதிப்பில் இவ்வளவு நீண்ட சோதனையும் வரைபடமும் இருந்தால், அது கொஞ்சம் மதிப்புள்ள வசதி.

நீங்களே செய்யும் ஆய்வு

தொடக்கப் பள்ளியில் தமிழில் படித்த மாறிகளை நினைவுபடுத்துங்கள். இரண்டு மென்பொருள்களை ஒப்பிடும்போது தற்சார்பு மாறி மென்பொருள் மட்டுமே. சார்பு மாறி அது காட்டும் வேகம். மற்றவை எல்லாம் கட்டுப்படுத்தப்பட வேண்டியவை: அதே தட்டு, அதே கேபிள், அதே துளை, அதே அளவு கோப்பு, அதே அளவு காலியிடம், பின்னணியில் வேறு செயலி ஓடாத நிலை. மடிக்கணினி என்றால் மின்செருகியில் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பல கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும்.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுங்கள். முதல் மென்பொருளை ஐந்து முறை, பிறகு இரண்டாவதை ஐந்து முறை என்று செய்யாதீர்கள். எஸ்எஸ்டி சூடேறினால் வேகம் குறையும், இரண்டாவதுக்கு அநியாயமாகிவிடும். மாற்றி மாற்றி அளப்பதே முறை. ஒரே மென்பொருளின் ஐந்து அளவுகளுக்குள் உள்ள வேறுபாடு, இரண்டு மென்பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், ஒன்றும் நிரூபிக்கவில்லை என்றே ஆய்வறிக்கையில் எழுதுங்கள். ஆசிரியர் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார். நான் கூட்டியே போடுவேன்.

பழுதாகும் அறிகுறியுள்ள தட்டில் இந்த ஆய்வைச் செய்யக் கூடாது. முழு மேற்பரப்புச் சோதனை தட்டை மணிக்கணக்கில் ஓட வைக்கும். மூச்சு வாங்கும் நோயாளியை ஓட்டப்பந்தயத்தில் விடுவது போன்றது அது. 197-ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் சோதனையை விட்டுவிட்டுத் தரவை நகலெடுங்கள்.

அப்படியானால் காசு எதற்கு?

ஸ்மார்ட் எண்களைப் படிக்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் புரூஸ் ஆலன் என்ற இயற்பியலாளர். ஈர்ப்பலைகளைத் தேடும் ஆய்வுக்காக நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர். அத்தனை கணினிகளின் தட்டுகளையும் கவனிக்க ஒரு கருவி வேண்டியிருந்ததால், ஏற்கெனவே இருந்த ஒரு சிறு மென்பொருளை விரிவாக்கி 2002-இல் வெளியிட்டார். வேகம் அளக்க கிறிஸ்டல் டிஸ்க் மார்க் இருக்கிறது. அதன் உள்ளே ஓடுவது மைக்ரோசாஃப்ட் திறமூலமாக வெளியிட்ட அளவீட்டுக் கருவி. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், சாம்சங் போன்ற தயாரிப்பாளர்களும் தங்கள் தட்டுகளுக்கு இலவசமாகவே பரிசோதனை மென்பொருள் தருகிறார்கள். இணையத்தில் மலிவாக விற்கும் போலி விரலிகளைப் பிடிக்க எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவசக் கருவிகள் உண்டு. கொள்ளளவு முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பதால் பொய் வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டிக் கட்டண மென்பொருள் தருவது பெரும்பாலும் வசதி. ஹார்ட் டிஸ்க் சென்டினல் பின்னணியில் இருந்து கவனித்து, எண் மாறினால் மின்னஞ்சல் அனுப்பும். பல வகை யுஎஸ்பி பெட்டிகளுக்குள் இருக்கும் தட்டுகளையும் படிக்கும். சில யுஎஸ்பி பெட்டிகள் ஸ்மார்ட் கட்டளையை உள்ளே விடுவதில்லை என்பதால் இது உண்மையான பயன்தான். ஸ்மார்ட்மான்டூல்ஸும் மின்னஞ்சல் அனுப்பும், ஆனால் கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்து அமைக்க வேண்டும். இருபது கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கடைக்காரர் பணம் கொடுத்தால் வியப்பில்லை. வீட்டில் ஒரு கணினி உள்ளவருக்கு அந்தப் பணத்தில் நகலெடுக்க ஒரு வெளித் தட்டை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

ஸ்பின்ரைட் என்பது வேறு ரகம். ஸ்டீவ் கிப்சன் என்பவர் 1980களிலிருந்து வளர்த்து வரும் மென்பொருள். விலை 89 அமெரிக்க டாலர். நம் பணத்தில் முந்நூறு ரிங்கிட்டுக்கும் மேல். 2004-இல் வந்த 6.0 பதிப்பை வாங்கியவர்களுக்கு, இருபது ஆண்டு கழித்து 2024-இல் வந்த 6.1 பதிப்பை இலவசமாகவே கொடுத்தார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். படிக்க மறுக்கும் செக்டரைத் திரும்பத் திரும்பப் படித்துத் தரவை மீட்க முயல்வது அதன் வேலை. "சரிசெய்யும்" என்ற சொல்லை இங்கே கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய செக்டரில் மறுபடி எழுதினால், எழுத்து நின்றால் அது காத்திருப்புப் பட்டியலிலிருந்து நீங்கும். நிற்காவிட்டால் தட்டே மாற்று செக்டரை ஒதுக்கும். இதைச் செய்வது தட்டின் சில்லு, மென்பொருள் தூண்டிவிடுகிறது. தேய்ந்த வாசிப்பு முனையையும் கீறல் விழுந்த மேற்பரப்பையும் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

இந்த வாரப் பயிற்சி

1. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் மடிக்கணினி வன்தட்டில், ஒரு செக்டருக்காகச் சராசரியாக எத்தனை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும்? முனை நகர 12 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால், வினாடிக்கு எத்தனை சிறு துண்டுகளைப் படிக்கலாம்?

2. மேலே செய்த கணக்கில் 1,000 தட்டுகளில் 20-க்குப் பதிலாக 100 தட்டுகள் கெடும் பழைய கணினிக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை காட்டிய தட்டுகளில் எத்தனை விழுக்காடு உண்மையில் கெடும்? விடை ஏன் மாறியது?

3. இரண்டு நாள் இடைவெளியில் ஒரே தட்டில் 197-ஆம் எண் 8-லிருந்து 0-க்கு இறங்கியது. 5-ஆம் எண் மாறவில்லை. அந்த எட்டு செக்டர்களுக்கும் என்ன நடந்திருக்கும்?

விடைகள் அடுத்த வாரம்.